‘உட்பட’ என்று இருக்கிறதா, ‘நீங்கலாக’ என்று இருக்கிறதா?

கேள்வி: ஐயா, நாங்கள் பதினாறு ஆண்டுகளாகத் தென் கலிஃபோர்னியாவில் வசிக்கிறோம். என் கணவரின் அலுவலக நண்பர் தலைமையில் ஒன்பது பேர் சேர்ந்து, பெரிய லீக் எதோடும் இணையாத சுயேச்சை லீக் ஒன்றில் ஆடும் சிறிய பேஸ்பால் அணியை வாங்கப் போகிறார்கள். எங்கள் பங்கு 80,000 டாலர். வீட்டின் மேல் கடன் எடுத்துக் கொடுக்கலாம் என்கிறார் கணவர். ‘லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியைச் சீரழித்தவரே ஐந்து மடங்கு விலைக்கு விற்றுவிட்டுப் போனார், பேஸ்பால் அணியில் போட்ட பணம் எங்கும் போகாது’ என்பது அவர் வாதம். என்னிடம் இரண்டு தாள்களில் கையெழுத்துக் கேட்கிறார்கள். ஒன்று, பங்குதாரர் ஒப்பந்தத்துக்கு மனைவியின் சம்மதம். மற்றொன்றில், இந்த முதலீடு கணவரின் தனிச் சொத்து என்று எழுதியிருக்கிறது. மாதக் கடைசிக்குள் வேண்டுமாம். அவ்வளவு மோசமாக நடந்த அணி எப்படி அந்த விலைக்குப் போயிற்று? நான் கையெழுத்துப் போடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

மாதக் கடைசி நெருங்குவதால் இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். தனிச் சொத்து என்று சொல்லும் தாளில் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். சம்மதத் தாளைப் பொறுத்தவரை, பங்குதாரர் ஒப்பந்தம் முழுவதையும் அதன் இணைப்புகளோடு நீங்களே படித்து, உங்களுக்கென்று ஒரு வழக்கறிஞரும் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். நான் வழக்கறிஞன் அல்லன். இருபத்தெட்டு ஆண்டுகளாகக் கணக்குத் தணிக்கை செய்கிறவன். என் மேசைக்கு வந்தவற்றில் பாதிக்கு மேல், பங்குதாரர்களுக்குள்ளோ கணவன் மனைவிக்குள்ளோ சண்டை மூண்ட பிறகு நீதிமன்றத்துக்குப் போன கணக்குகள். உங்கள் கணவர் எடுத்துக்காட்டிய டாட்ஜர்ஸ் வழக்கில் நீங்கள் கேட்ட இரண்டு கேள்விகளுமே இருக்கின்றன என்பதால், அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படியுங்கள்.

அவர் சொன்ன கணக்கு சரிதான். பாஸ்டன் நகரத்து நில வணிகரான ஃபிராங்க் மெக்கோர்ட், 2004ஆம் ஆண்டில் நியூஸ் கார்ப்பரேஷன் நிறுவனத்திடமிருந்து டாட்ஜர்ஸ் அணியை, அரங்கத்தோடும் அதைச் சுற்றிய நிலத்தோடும் சேர்த்துச் சுமார் 43 கோடி டாலருக்கு வாங்கினார். 2012இல் குகன்ஹைம் என்ற முதலீட்டுக் குழுவினர் அதே அணிக்குக் கொடுத்த விலை 200 கோடி டாலர். அரங்கத்தைச் சுற்றியுள்ள நிலத்துக்கான கூட்டு நிறுவனத்துக்கு மேலும் 15 கோடி. ஆனால் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் எட்டு ஆண்டுகள் இருக்கின்றன.

வாங்கிய விலையில் பெரும்பங்கு கடன். விற்ற நிறுவனமே ஒரு பகுதியைக் கடனாகக் கொடுத்தது. அதற்கு ஈடாக வைக்கப்பட்ட பாஸ்டன் கடலோர வாகன நிறுத்த நிலம் பின்னர் அந்தக் கடனுக்கே போய்விட்டது. கடன் வாங்கிச் சொத்து வாங்குவதில் தவறொன்றும் இல்லை. வீடு வாங்கிய நாம் எல்லோரும் அதைத்தான் செய்திருக்கிறோம். நான் கவலையோடு பார்ப்பது வாங்கிய பிறகு நடந்ததை. ஒன்றாக இருந்த சொத்து பல நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது: ஆடும் அணி ஒரு நிறுவனம், நிலம் வேறொரு நிறுவனம், டிக்கெட் வருவாய் மற்றொரு நிறுவனம். தன் அரங்கத்து வாசலில் ரசிகர்கள் வண்டி நிறுத்தும் நிலத்துக்கு அணியே ஆண்டுக்குச் சுமார் 1.4 கோடி டாலர் வாடகை கொடுத்தது. அதை வாங்கிக்கொண்டது மெக்கோர்ட்டின் இன்னொரு நிறுவனம். தணிக்கைக்கு உட்கார்ந்தால் நாங்கள் முதலில் தேடுவது இந்த வகை வாடகையைத்தான். ஒப்பந்தம் இருக்கும், ரசீது இருக்கும், காசோலை எண் இருக்கும். ஒரு காகிதமும் குறையாது. அணியின் ஒரு சட்டைப்பையிலிருந்து எடுத்த பணம் உரிமையாளரின் வேறொரு சட்டைப்பைக்குப் போயிருக்கும், அவ்வளவுதான். மெக்கோர்ட்டின் மகன்களில் இருவருக்குச் சேர்த்து ஆண்டுக்கு 6 லட்சம் டாலர் சம்பளம் போனது. அவர்களில் ஒருவர் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார், மற்றவர் வேறொரு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். தம்பதியினர் சில ஆண்டுகளில் 10 கோடி டாலருக்கும் மேல் எடுத்துக்கொண்டதாக விவாகரத்து வழக்கின் ஆவணங்கள் காட்டின. எடுத்த தொகை 18 கோடிக்கும் மேல் என்றும் அது கொள்ளை என்றும், அமெரிக்கப் பேஸ்பாலின் உச்ச அமைப்பான மேஜர் லீக்கின் நிர்வாகம் பின்னர் நீதிமன்றத்தில் சொன்னது. மெக்கோர்ட் அந்தக் குற்றச்சாட்டை மறுத்தார்.

இதெல்லாம் வெளியே தெரிந்ததே குடும்பம் உடைந்ததால்தான். 2009 அக்டோபரில், உலகத் தொடருக்கு முந்தைய கட்டமான லீக் வாகையர் தொடருக்குள் அணி நுழைகிற நேரத்தில், இருவரும் பிரிந்த செய்தி வெளிவந்தது. மனைவி ஜேமி மெக்கோர்ட் அப்போது அணியின் தலைமைச் செயல் அதிகாரி. சில நாட்களில் கணவர் அவரை வேலையிலிருந்து நீக்கினார். அணி யாருடையது என்ற கேள்வி அங்கே தொடங்கியது. 2004இல் இருவரும் ஒரு சொத்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தார்கள்: வீடுகள் மனைவிக்கு, தொழில் சொத்துகள் கணவருக்கு. கணவருக்குக் கடன் கொடுத்தவர்கள் வீடுகளைத் தொடாமல் இருப்பதற்காக எழுதப்பட்டது அது. அந்த ஒப்பந்தத்தில் மொத்தம் ஆறு பிரதிகள். கணவரின் தனிச் சொத்துகளைப் பட்டியலிடும் இணைப்புத் தாள், மூன்று பிரதிகளில் டாட்ஜர்ஸ் ‘உட்பட’ என்றும், மற்ற மூன்றில் டாட்ஜர்ஸ் ‘நீங்கலாக’ என்றும் சொன்னது. ஆவணத்தைத் தயாரித்த வழக்கறிஞர், கையெழுத்துக்குப் பிறகு அந்த இணைப்பைத் தாமே மாற்றிவைத்ததையும் அதைத் தம்பதியினருக்குச் சொல்லாததையும் சாட்சிக் கூண்டில் ஒப்புக்கொண்டார்.

சகோதரி, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஜேமி மெக்கோர்ட் சட்டம் படித்தவர், குடும்பச் சட்ட வழக்கறிஞராகத் தொழிலும் செய்தவர். அப்படிப்பட்டவர், அந்த ஒப்பந்தத்தைப் படிக்காமலே கையெழுத்திட்டதாக நீதிமன்றத்தில் சொன்னார். கணவர் மேல் இருந்த நம்பிக்கையில், குடும்பத்தின் வழக்கறிஞர் மேல் இருந்த நம்பிக்கையில் போட்ட கையெழுத்து அது. பதினொரு நாள் விசாரணை, இரு பக்கமும் பெரும் வழக்கறிஞர் படை, கையெழுத்து நிபுணர்கள், மை ஆராய்ச்சி எல்லாம் முடிந்து, 2010 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் நீதிபதி ஸ்காட் கோர்டன் அந்த ஒப்பந்தம் செல்லாது என்று தீர்ப்பளித்தார். அந்தத் தீர்ப்பு அணியை மனைவிக்குத் தந்துவிடவில்லை. பாதி உரிமை கேட்கும் வழியை மட்டும் திறந்துவிட்டது. ஒரே ஒரு சொல்லுக்காக இத்தனையும் நடந்தன.

அடுத்த ஆண்டு பணம் வற்றியது. 2011 ஏப்ரலில் சம்பளப் பட்டுவாடாவுக்காக மெக்கோர்ட் ஃபாக்ஸ் நிறுவனத்திடம் 3 கோடி டாலர் தனிக்கடன் வாங்கினார் என்ற செய்தி வந்தது. அதே மாதம் 20ஆம் தேதி, மேஜர் லீக்கின் ஆணையர் பட் செலிக் அணியின் அன்றாட நிர்வாகத்தை லீக்கின் மேற்பார்வைக்குள் கொண்டுவந்தார். ஃபாக்ஸ் நிறுவனத்தோடு 17 ஆண்டுக்கு ஒரு தொலைக்காட்சி ஒப்பந்தம் போட்டு மீண்டுவிடலாம் என்று மெக்கோர்ட் நம்பினார். அதன் முன்பணம் 38.5 கோடி டாலர். அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான தொகை அணிக்கு வராமல் அவருடைய சொந்தத் தேவைகளுக்கும் விவாகரத்துக்கும் போகும் என்று கண்டு, செலிக் ஜூன் 20ஆம் தேதி அந்த ஒப்பந்தத்தை நிராகரித்தார். ஒரு வாரம் கழித்து, 27ஆம் தேதி, டாட்ஜர்ஸ் டெலவேர் நீதிமன்றத்தில் திவால் சட்டத்தின் 11ஆம் அத்தியாயத்தின் கீழ் (தொழிலை நடத்திக்கொண்டே கடன்களைச் சீரமைக்க வழி செய்வது அது) மனுச் செய்தது.

அணி யாருக்கெல்லாம் பாக்கி வைத்திருக்கிறது என்று அந்த மனுவோடு இணைத்த பட்டியலை அப்போது நான் வரிவரியாகப் படித்தேன். முதலிடத்தில் முன்னாள் ஆட்டக்காரர் மேனி ராமிரெஸ், சுமார் 2.1 கோடி டாலர். அப்போது அவர் அணியை விட்டுப் போய் ஏறத்தாழ ஒரு ஆண்டு. அடுத்து இன்னொரு முன்னாள் ஆட்டக்காரர் ஆண்ட்ரூ ஜோன்ஸ், 1.1 கோடிக்கு மேல். அவர் போய் இரண்டு ஆண்டுகளுக்கும் மேல். ஆடியபோது கொடுக்காமல் பிறகு தருகிறோம் என்று தள்ளிவைத்த சம்பளம் அது. இன்னும் கீழே போனால் வின் ஸ்கலி, 1,52,778 டாலர். 1950 முதல் அந்த அணியின் ஆட்டங்களை வர்ணனை செய்துவந்த மனிதர். அவர் குரலைக் கேட்டே இந்த ஊரில் மூன்று தலைமுறை பேஸ்பால் கற்றது. அவர் பெயரை அணி பாக்கி வைத்திருந்தவர்களின் வரிசையில் பார்த்தபோது எனக்கு உண்டான வருத்தம் இன்னும் மாறவில்லை. ரசிகர்களும் விலகிப் போனார்கள்: 2010இல் 35 லட்சம் பேருக்கு மேல் வந்த அரங்கத்துக்கு 2011இல் 30 லட்சம் பேர்கூட வரவில்லை.

இப்போது உங்கள் முதல் கேள்வி. இத்தனைக்கும் பிறகு எப்படி 200 கோடி? அந்த விலை மெக்கோர்ட்டின் நிர்வாகத்துக்குக் கிடைத்ததல்ல. மேஜர் லீக்கில் இருப்பது முப்பதே அணிகள். ஓர் அணியின் ஊருக்குள் புதிதாக வேறோர் அணி நுழைய லீக் எளிதில் விடாது. வணிகப் போட்டியைத் தடுப்பதற்கு எதிரான சட்டங்கள் பேஸ்பாலைக் கட்டுப்படுத்தாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1922இல் சொன்னது இன்றுவரை பெருமளவுக்கு நிலைத்திருக்கிறது. அதோடு, டாட்ஜர்ஸின் பழைய தொலைக்காட்சி ஒப்பந்தம் 2013 பருவத்தோடு முடிவதாக இருந்தது. ஆகவே வாங்க வந்தவர்கள் அடுத்த ஒப்பந்தத்துக்குத்தான் விலை சொன்னார்கள். 2013இல் டைம் வார்னர் கேபிள் நிறுவனத்தோடு அவர்கள் போட்ட 25 ஆண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு 835 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்டது. ஃபாக்ஸோடு மெக்கோர்ட் போடவிருந்த 17 ஆண்டு ஒப்பந்தத்தை லீக் தடுத்ததும், திவால் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் பலர் போட்டியிட விற்பனை நடந்ததும் சேர்ந்துதான் அந்த விலையைக் காப்பாற்றின. சரியாகச் சொன்னால், கெடுத்தவரின் கையிலிருந்து பிடுங்கியதால் உயர்ந்த விலை அது. புதியவர்கள் வந்ததும் வண்டி நிறுத்தக் கட்டணத்தை 15 டாலரிலிருந்து 10 டாலராகக் குறைத்தார்கள். நானும் அதன் பிறகுதான் திரும்பப் போனேன்.

‘எங்கும் போகாது’ என்பதும் மேஜர் லீக்கிலேயே உண்மை இல்லை. 1969இல் பிறந்த சியாட்டில் பைலட்ஸ் ஒரே பருவம் ஆடித் திவாலாயிற்று. 1970இல் திவால் நீதிமன்றத்தில் அதை 1.08 கோடி டாலருக்கு வாங்கி மில்வாக்கிக்குக் கொண்டுபோனவர், பின்னாளில் ஆணையராகி மெக்கோர்ட்டை அடக்கிய அதே பட் செலிக்தான். டெக்சஸ் ரேஞ்சர்ஸின் உரிமையாளர் டாம் ஹிக்ஸ், தம் நிறுவனம் வாங்கியிருந்த 52.5 கோடி டாலர் கடனில் தவணை தவறியதால், 2010இல் அணியைத் திவால் நீதிமன்றத்து ஏலத்தில் இழந்தார். அந்த ஆண்டே அணி உலகத் தொடர் வரை போனது என்பது, களத்தில் வெல்வதும் கணக்கில் நிற்பதும் வேறுவேறு என்பதற்குச் சாட்சி.

உங்களுக்கு மிக அருகில் வரும் உதாரணம் நியூயார்க் மெட்ஸ். அதன் அப்போதைய உரிமையாளர்களான வில்பன் குடும்பத்தார், பின்னர் மோசடிக்காரர் என்று தெரியவந்த முதலீட்டு நிறுவனர் பெர்னார்ட் மேடாஃபிடம் பெரும் பணம் வைத்திருந்தார்கள்; 2008 டிசம்பரில் அந்த மோசடி வெடித்ததும் அணியின் கையிருப்பே ஆட்டங்கண்டது. லீக்கிடம் 2.5 கோடி டாலர் கடன் வாங்கி, அதுவும் போதாமல், 2012இல் 4 சதவீதப் பங்கு ஒன்றுக்கு 2 கோடி டாலர் என்று பன்னிரண்டு பங்குகளை விற்றார்கள். கவனியுங்கள்: அவ்வளவு கொடுத்தும் வாங்கியவர்களுக்கு நிர்வாகத்தில் அதிகாரம் கிடைக்கவில்லை, குடும்பமே தொடர்ந்து நடத்தியது. உங்கள் கணவர் வாங்கப்போவதும் அந்த மாதிரியான சிறுபங்குதான். மெக்கோர்ட்டின் இடத்தில் நின்று உங்கள் கணவர் கணக்குப் போடுகிறார். அவர் நிற்கப்போவதோ மெட்ஸில் சிறுபங்கு வாங்கியவர்களின் இடத்தில்.

சுயேச்சை லீக் அணிக்கு மேலே சொன்ன பாதுகாப்புகளில் ஒன்றும் இல்லை. தேசியத் தொலைக்காட்சிப் பணம் இல்லை. மேஜர் லீக் அணிகளோடு இணைந்த சிறு அணிகளில் ஆட்டக்காரர் சம்பளத்தைத் தாய் அணி கொடுக்கிறது. இங்கே அதையும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். லீக்கே நிலைக்கும் என்ற உறுதியும் இல்லை: 2005இல் கலிஃபோர்னியாவிலும் அரிசோனாவிலும் தொடங்கிய கோல்டன் பேஸ்பால் லீக், 2010 பருவத்துக்குப் பிறகு வேறு லீக்குகளோடு இணைந்து, சில ஆண்டுகளில் இல்லாமலே போயிற்று. லீக் போனால் அணியிடம் மிஞ்சுவது சீருடையும் மட்டைகளும் ஒரு பெயரும். கோடை மாலையில் குடும்பத்தோடு போய் உட்கார அப்படிப்பட்ட அணிகளைவிட நல்ல இடம் இல்லை என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன். அவை பிழைக்க வேண்டும் என்றும் விரும்புகிறேன். அதற்கு இழந்தாலும் தாங்கக்கூடிய பணம் வேண்டும்; வீட்டின் மேல் எடுத்த கடன் அந்தப் பணம் அன்று.

ஆகவே நண்பரிடம் கேளுங்கள்: நாங்கள் வாங்குவது எது? ஆடுகளத்தின் குத்தகை யார் பெயரில், எத்தனை ஆண்டுக்கு? உணவுக் கடை வருமானமும் வண்டி நிறுத்த வருமானமும் அணிக்கு வருகிறதா, நகராட்சிக்குப் போகிறதா, அல்லது நண்பரின் இன்னொரு நிறுவனத்துக்கா? நிர்வாகக் கட்டணம் என்று அவர் தமக்கு எவ்வளவு எழுதிக்கொள்கிறார்? பற்றாக்குறை வந்தால் மேலும் பணம் கேட்கலாம், கொடுக்காதவரின் பங்கு சுருங்கும் என்ற விதி ஒப்பந்தத்தில் இருக்கிறதா? அநேகமாக இருக்கும், ஒன்பது பேர் சேர்ந்த தொழில்களில் நான் பார்த்த சண்டைகளில் முக்கால்வாசி அந்த ஒரு விதியில்தான் பிறந்தன. முந்தைய உரிமையாளர் தள்ளிவைத்த பாக்கிகள், விற்று முடித்த பருவச் சீட்டுகளின் முன்பணம் ஆகியவற்றின் பட்டியலையும், வெளியார் தணிக்கை செய்த மூன்று ஆண்டுக் கணக்கையும் எழுத்தில் கேளுங்கள். தரத் தயங்கினால் அந்தத் தயக்கமே உங்களுக்கு விடை. இன்னொன்று: லாபம் கையில் வராவிட்டாலும், ஏட்டில் லாபம் காட்டினால் உங்கள் பங்கு லாபத்தை வரிக் கணக்குக்குக் காட்டும் கே-1 படிவம் வரும், அதற்கு வரி நீங்கள் கட்ட வேண்டும்.

இனி அந்த இரண்டு தாள்கள். கலிஃபோர்னியச் சட்டப்படி, திருமணக் காலத்தில் சம்பாதித்தது பொதுவாக இருவருக்கும் பாதிப் பாதி. பங்குதாரரின் மனைவியிடம் சம்மதம் கேட்பது இங்கே வழக்கமான நடைமுறை. விவாகரத்தோ மரணமோ நேர்ந்தால் பங்கைக் குழுவே ஒப்பந்தத்தில் சொன்ன விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்ள அது வழி செய்கிறது. அந்த விலை எப்படிக் கணக்கிடப்படும் என்ற பத்தியை மட்டும் கட்டாயம் படியுங்கள். இரண்டாவது தாள் அப்படிப்பட்டதன்று. கூட்டுச் சொத்தை ஒருவரின் தனிச் சொத்தாக மாற்ற, உரிமையை விட்டுக்கொடுப்பவர் வெளிப்படையாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். உங்களிடம் கேட்பது அந்த எழுத்தைத்தான். பணமோ இருவர் பெயரிலும் இருக்கும் வீட்டின் மேல் வாங்கும் கடன். அதாவது கடன் உங்களுக்கும் உண்டு, சொத்து உங்களுக்கு இல்லை. கணவர் இதை யோசித்துச் செய்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை; யாரோ ஒரு மாதிரிப் படிவத்தை எடுத்து ஒன்பது குடும்பங்களுக்கும் அனுப்பியிருக்கலாம். நிறைய குடும்பங்களில் நான் அப்படித்தான் கண்டிருக்கிறேன். ஆகவே சந்தேகத்தோடு பேச வேண்டாம். ‘இந்தத் தாள் யாருக்காக, எதற்காக?’ என்று நேராகக் கேளுங்கள்.

விலை தெரியாமல் விட்டுக்கொடுப்பதைப் பற்றியும் ஒரு சொல். ஜேமி மெக்கோர்ட் 2011 அக்டோபரில் சுமார் 13 கோடி டாலருக்குத் தம் உரிமையை விட்டுக்கொடுத்தார். ஐந்தே மாதத்தில் அணி விலைபோன தொகையைக் கண்டு, மதிப்பை மறைத்துவிட்டார்கள் என்று அந்த உடன்பாட்டை ரத்து செய்யக் கேட்டார்; 2013இல் அதே நீதிபதி கோர்டன் மறுத்துவிட்டார். ஒப்பந்தத்தில் ‘உட்பட’வும் ‘நீங்கலாக’வும் இருந்ததால் ஒருமுறை தப்பியவருக்கு, இரண்டாம் முறை அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை.

மாதக் கடைசி என்ற கெடுவை வைத்தது லீக்கா, விற்பவரா, நண்பரா என்று தெரிந்துகொள்ளுங்கள். நண்பர் வைத்த கெடு என்றால் இரண்டு வாரம் தள்ளிவைப்பதில் யாருக்கும் நட்டமில்லை. வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது ஒப்பந்தத்தின் எல்லாப் பிரதிகளையும் கொண்டுபோங்கள். ஒவ்வொரு பிரதியிலும் இணைப்புத் தாள் ஒரே மாதிரி இருக்கிறதா என்று அவரெதிரில் ஒப்பிட்டு, ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் நீங்கள் இருவரும் சுருக்கொப்பம் இட்டு, தேதி போட்டு, ஒரு முழுப் பிரதியை உங்கள் வசமே வைத்துக்கொள்ளுங்கள்.